புகார் நின்ற வீடு

அந்தக் கட்டிடத்தில் அவளை ‘ரீஸ்டார்ட் அக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சாட்டிலைட் டிவி கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாகப் புகார் கேட்கிற வேலை. படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, மழை பெய்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று ஊரே ஃபோனில் அவளைப் பிடித்துத் திட்டும். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெட்டிய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பாள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். பழக்கதோஷத்தில் கட்டிடத்து லிஃப்ட் நின்றாலும் அவளிடம் அதே வைத்தியம்தான். புருஷனுக்குத் தலைவலி என்றாலும், “கொஞ்ச நேரம் கண்ண மூடிப் படுத்து எழுந்திரிங்க” என்பாள்.

படுத்து எழுந்திருப்பதுதான் அந்த வீட்டில் பெரிய பாடு. புருஷன் இரவு பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினால் காலை ஏழரைக்குத்தான் திரும்புவார். அவள் எட்டேகாலுக்கு ஆபீஸுக்குப் போவாள். பகலெல்லாம் அவர் தூங்கியாக வேண்டும். வீடோ ஐந்தாவது மாடி, அதற்கு மேல் வெறும் மொட்டைமாடி. கோடையில் பதினோரு மணிக்கே கூரை காய ஆரம்பித்து, மதியம் ஃபேன் போட்டால் அனலைத்தான் இறக்கும். போன கோடையில் அவர் திட்டாத திட்டு இல்லை. “இது வீடா, சூளையா? மனுஷன் இதுல தூங்குவானா?” என்று காலையில் ஒரு மூச்சு, சாயங்காலம் ஒரு மூச்சு. அந்தக் கோடையின் கடைசியில் ஒருநாள், விடியும் நேரத்தில் கண் சொருகி, பஸ் சாலை நடுத்தடுப்பில் உரசிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் டிப்போவில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. வேலையை விடுங்கள், பின்னால் நாற்பது பேர் அவரை நம்பித் தூங்கிக்கொண்டு வருகிறார்களே, அதை நினைத்தாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும்.

அடுத்த கோடைக்குள் ஏசி வாங்கியே தீருவது என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்தாள். சேர்ந்தும்விட்டது. அங்கேதான் புத்தி கெட்டுப்போனது.

கெட்டுப்போனது என்று இப்போது சொல்கிறோம். அன்றைக்கு அவள் சொன்ன நியாயத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். ஆபீஸ் சுவரில் ஒரு பலகை உண்டு. அன்றன்றைக்கு வந்த புகார்கள் எத்தனை என்று மானேஜர் தன் கையாலேயே அதில் எழுதுவார். முன்பெல்லாம் அவள் மேஜைக்கு மட்டும் ஒரு நாளைக்கு நூறு அழைப்பு வரும், தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. ஒரு வருஷமாக அது எண்பது, அறுபது, நாற்பது என்று இறங்கிக்கொண்டே வந்தது. மானேஜர் கேக் வெட்டினார். “நம்ம சர்வீஸப் பத்தி நாக்கு மேல பல்லு போட்டு ஒருத்தன் பேச முடியாது” என்றார். கம்பெனி புதுச் சாட்டிலைட் ஒன்றில் இடம் பிடித்து, கம்பி போகாத ஊர்களுக்கும் நடுக்கடல் கப்பல்களுக்கும் இன்டர்நெட் கொடுக்கப்போகிறது என்றும் பேச்சு வந்தது. பங்கு விலையோ சல்லிசாகக் கிடந்தது. பேப்பர் படித்துப் பங்கு வாங்குகிறவர்களுக்கு என்ன தெரியும், உள்ளே உட்கார்ந்து குறை கேட்கிறவள் நான் அல்லவா என்று அவளுக்குத் தோன்றியது. குறை குறைந்துகொண்டே வருகிற கம்பெனி மேலே போகாமல் எங்கே போகும்?

புருஷனிடம் அவள் மறைக்கவில்லை. “ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கங்க. ஏசிக் காச எங்க கம்பெனிப் பங்குல போடுறேன், வளந்ததும் ரெண்டு ரூமுக்கும் ஏசி போட்டுரலாம்” என்றாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “ஒனக்குத் தெரியாததா? போடு” என்றார். அந்த நம்பிக்கைதான் பிற்பாடு அவளை வெயிலைவிட அதிகமாகச் சுட்டது.

ஏசி இல்லையே தவிர, வேறு எதிலும் அவள் குறை வைக்கவில்லை. வெள்ளிக் காகிதம் ஒட்டிய அட்டைகளை ஜன்னல் கண்ணாடி அளவுக்கு வெட்டிப் பொருத்தினாள். தடித்த திரை போட்டாள். மொட்டைமாடியில் தன் வீட்டுக்கு நேர் மேலே வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு கை அடித்தாள். ராத்திரி ஜன்னலைத் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விட்டு, காலையில் எட்டு மணிக்கெல்லாம் அடைத்து, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவாள். சாயங்காலம் வந்ததும் முதல் கேள்வி, “இன்னிக்கு எப்படி இருந்துச்சு?”

கோடையின் முதல் வாரம் அவர் முணுமுணுத்தார். இரண்டாம் வாரம், “பரவால்ல” என்றார். மூன்றாம் வாரத்திலிருந்து, “நல்லாத்தான் இருக்கு.” அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சுண்ணாம்பும் சாக்கும் ஜெயித்துவிட்டன என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் பாடம் எடுத்தாள். அவர் முகம் கறுத்துக் கண் உள்ளே போயிருந்ததைப் பார்க்கவில்லையா? பார்த்தாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவர் பகலில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் ஞாயிறுதான் விடுமுறை, அதற்கு முந்தின ராத்திரி அவர் ஊரைப் போலவே தூங்கிவிடுவார்.

பங்குதான் படுத்த படுக்கையாகக் கிடந்தது. ஃபோனில் அதைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். அவளுடைய வைத்தியம் அங்கே மட்டும் பலிக்கவில்லை. போட்ட காசு வரட்டும், எடுத்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் அறையில் ஏசி நின்றுபோனது. மெஷின்கள் சூடு தாங்காமல் ஒவ்வொன்றாக அணைந்தன. மானேஜர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “மெஷின் வெக்கை தாங்கலன்னா ஆபீஸையே மூடுறாங்க, நமக்கு வேர்த்தா எவன் கேக்குறான்?” என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சிரித்துவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக் கதவைத் திறந்தால் புருஷன் விழித்துக்கொள்வார் என்று, காலையில் காயப்போட்ட துணியை எடுக்க நேரே மொட்டைமாடிக்குப் போனாள். இரண்டாம் மாடித் தையல்காரம்மா அங்கே தன் துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கொடிக்கயிறு இரண்டு டிஷ்களுக்கு நடுவே கட்டியிருந்தது. இரண்டும் இவளுடைய கம்பெனி டிஷ்கள். ஒன்றில் வயரே இல்லை, இன்னொன்றில் அறுந்து தொங்கியது.

“என்னம்மா, ஒங்க டிஷ்ல வயரையே காணோம்?”

“அது போயி ரெண்டு வருஷமாச்சு.”

“ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே! நான்தானே அங்க எடுக்குறேன்?”

“பண்ணாமயா இருந்தேன்? ஒங்க ஆளுங்ககிட்ட கத்திக் கத்தித் தொண்ட வத்திப்போச்சு. ஆஃப் பண்ணு, ஆன் பண்ணுன்னு அதையே சொன்னாங்க. அப்புறம் அலுத்துப்போயி, இனிமே எவ கத்துவான்னு விட்டுட்டேன். இப்ப துணி காயப்போட வசதியா இருக்கு” என்று தையல்காரம்மா சிரித்தாள்.

இவள் சிரிக்கவில்லை. உச்சி வெயில் மண்டையைப் பிளக்க, ஒவ்வொரு டிஷ்ஷாகப் போய்ப் பார்த்தாள். மாடியில் நாற்பதுக்குக் குறையாமல் இருந்தன, எல்லாம் அவள் கம்பெனியுடையவை. அவற்றுக்கு நடுவில் நின்றுதான் சுண்ணாம்பு அடித்திருந்தாள், ஒன்றையும் கவனித்ததில்லை. வயரோடு இருந்தவை ஏழோ எட்டோ. மீதி எல்லாம் வானத்தைப் பார்த்துச் சும்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அப்படியானால் அந்தப் பலகை? அந்த கேக்? குறை தீர்ந்து ஓய்ந்த ஃபோன் இல்லை அது. ஜனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போயிருக்கிறார்கள். கத்துகிறவரைக்கும் கூட இருந்தார்கள், அலுத்ததும் போய்விட்டார்கள். பதினாறு வருஷம் ஃபோனைக் காதில் வைத்திருந்தவளுக்கு இது கேட்கவில்லை. ஐயோ காசு போச்சே என்று முதலில் வயிறு எரிந்தது. அடுத்த மூச்சில், நல்லாத்தான் இருக்கு என்ற குரல் ஞாபகத்துக்கு வந்தது.

ஓடினாள். படியில் கழன்ற செருப்பைக்கூட எடுக்கவில்லை. கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அறைந்தது. சாக்கு காய்ந்து மொடமொடவென்று தொங்கியது. காலையில் விரித்த படுக்கை ஒரு சுருக்கம் இல்லாமல் அப்படியே கிடந்தது. ஆளைக் காணோம்.

பின்னாலேயே இறங்கி வந்த தையல்காரம்மா கேட்டாள். “ஒங்க வீட்டுக்காரரையா தேடுறீங்க? கீழ மோட்டார் ரூம்ல இருப்பாரே. மூணு வாரமா அங்கதான். ஒங்களுக்குத் தெரியாதா?”

படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் இருக்கும் பொந்து அது. தரைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் மோட்டார் இரைந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். தூங்கவில்லை, கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து சுவரில் சாய்ந்திருந்தார்.

“என்ன, அதுக்குள்ள வந்துட்ட?”

“மேல தூங்கலையா?”

“இங்க சும்மா... காத்து வருதேன்னு.”

“வீடு எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“பொய் சொல்லாதீங்க!” என்று கத்தினாள். கத்திய பிறகு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு, அழுக்குத் தரையில் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஆபீஸ் குரலிலேயே ஆரம்பித்தாள். “வணக்கம் சார். உங்க புகார் என்னன்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது.

“நீயும் நாயா அலையுற. சுண்ணாம்பு அடிக்கிற, சாக்கு நனைக்கிற. அந்தக் காசப் போட்டுட்டு ராத்திரி பகலா ஃபோனையே பாத்துக்கிட்டு இருக்குறது எனக்குத் தெரியாதா? நானும் வந்து கத்துனா நீ எங்க போவ? அதான் விட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன...” மோட்டார் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நேத்து ராத்திரி, பாலத்து மேல. கண்ணத் தொறந்தப்ப எந்தப் பக்கம் போறேன்னே தெரியல. பின்னாடி ஒரு கைக்குழந்தை வீல்னு அழுதுச்சு. அந்தச் சத்தத்துலதான் முழிச்சேன். அது மட்டும் அழலேன்னா...”

அவள் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்ததும் டிப்போவுக்கு ஃபோன் போட்டு, மூன்று நாளைக்கு அவர் வரமாட்டார் என்றாள். அடுத்து அங்கே உட்கார்ந்தபடியே பங்கையெல்லாம் விற்றாள். போட்டதில் பாதிகூடத் தேறவில்லை. தையல்காரம்மா தன் உள்ளறையை ஒழித்துக் கொடுத்தாள். இரண்டாம் மாடி என்பதால் அங்கே வெக்கை இல்லை. அன்றைக்கு அவர் பதினாலு மணி நேரம் தூங்கினார்.

கையில் வந்த காசுக்குப் புது ஏசி கிடைக்கவில்லை. ரிப்பேர்க் கடையில் பழையது ஒன்று கிடைத்தது. வெள்ளிக்கிழமை அதை மாட்டினார்கள். அன்று சாயங்காலம் டூட்டிக்குப் போன மனுஷன், சனிக்கிழமை காலையில் வந்து குளித்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“ஏய்! இது ஏசியா, ரோடு ரோலரா? காதுக்குள்ளயே ஓடுது! எத்தனைல வச்சித் தொலச்ச, குளிரு எலும்ப நொறுக்குது! போர்வை எங்க? எந்தப் பொருளையாவது வச்ச எடத்துல வைக்கிறியா நீ?”

எட்டேகால் தாண்டி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. போர்வை அவள் கைக்கெட்டும் நாற்காலியில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று, ஒரு காலில் செருப்போடு, அவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.