பாடுவதற்கு முன் ஒரு அழுகை

சினிமாக்காரர்களையும் டிவிக்காரர்களையும் நான் நம்புவதில்லை. இது வயதானதால் வந்த குணம் இல்லை, தொழிலால் வந்தது. திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் இருபது வருடத்துக்கு மேலாக மெஷின் ஓட்டுகிறேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை என்று எத்தனையோ நடிகைகளின் முகம் என் கை வழியே போயிருக்கிறது. லென்ஸை வைத்துப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட அழகியின் கன்னமும் நாலு கலர் புள்ளிதான். ஆர்டர் கொடுத்தவர் பக்கத்தில் வந்து நின்று, "மூஞ்சி இன்னும் கொஞ்சம் வெளுப்பா வரட்டும்" என்பார். நான் மையைக் குறைப்பேன். அடுத்த ஷீட்டில் அந்தப் பெண் வெளுத்துவிடுவாள். தினமும் இதைச் செய்கிறவனிடம் வந்து, திரையில் தெரிவதெல்லாம் நிஜம் என்றால் எப்படி?

தியேட்டருக்குப் போனாலும் இதே புத்திதான். கதாநாயகன் பட்டாசுத் தொழிலாளியாக வந்தால் முதலில் அவன் நகத்தைப் பார்ப்பேன். பளிச்சென்று இருக்கும். வெடிமருந்து ரூமுக்குள் செல்போனோடு நுழைந்து நாலு பேரை அடிப்பான். ஜனங்கள் விசில் அடிப்பார்கள். நிஜத்தில் செல்போனோடு அந்த வாசலைக்கூட மிதிக்க விடமாட்டார்கள். என் மனைவி விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். அவள் மட்டும் சிரித்துக்கொண்டே, "சும்மா பாருங்க, படந்தேன்" என்பாள்.

எல்லாவற்றையும் விட எனக்குச் சந்தேகம் அதிகம் இந்தப் பாட்டுப் போட்டிகள் மேல்தான். பிள்ளை பாடுவதற்கு முன்னால் ஒரு சின்னப் படம் போடுவார்கள். ஒழுகுகிற கூரை, அப்பாவின் காய்ப்புப் பிடித்த கை, அடுப்பு ஊதும் அம்மா. பின்னால் வயலின் இழுக்கும். நடுவர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் பாட்டே. "பாட்டைக் கேக்கதுக்கு முன்னாடியே மார்க் போட்டுட்டானுக பாரு" என்று நான் சொல்வேன். என் மகளுக்குக் கோபம் வரும். "அப்பா, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருங்க" என்பாள்.

அந்த மகள்தான் அப்படி ஒரு போட்டியில் தேர்வானாள். விருதுநகரில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மதுரையில் நடந்த முதல் சுற்றுக்கு அம்மாவும் மகளும் என்னிடம் மூச்சு விடாமல் போய்வந்திருக்கிறார்கள். சொன்னால் நான் என்ன பேசுவேன் என்று இருவருக்கும் தெரியும். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள் பாடினால் தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவார்கள், அதையும் மறைக்க முடியாது.

ஒருநாள் காலையில் அந்தச் சின்னப் படம் எடுக்க டிவி வேன் வந்து நின்றது. கேமராக்காரர், லைட்காரர், மைக் பிடிப்பவர் என்று ஏழெட்டுப் பேர். இயக்குநருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். வந்த நிமிடத்திலிருந்து என்னை அப்பா என்றும் என் மனைவியை அம்மா என்றும் கூப்பிட்டான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீடு கான்கிரீட் வீடு என்பதில் அவனுக்கு ஏமாற்றம். ஃபிரிட்ஜ் மேல் போர்வையைப் போட்டு மூடச் சொன்னான். எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

அம்மா வேலை செய்வதைப் படம் எடுக்க வேண்டும் என்றான். பட்டாசுக் கம்பெனிக்குள் கேமராவையும் பேட்டரியையும் யார் விடுவார்கள்? மேனேஜர் முடியாது என்றுவிட்டார். அதனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சைக்கிளும் விறகும் கிடந்த ஷெட்டைக் காலி செய்து பாய் விரித்தார்கள். வெறும் காகிதக் குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். மருந்துக்குப் பதில் அடுப்புக்கரியை என் மனைவியே இடித்துச் சலித்துக் கொடுத்தாள்.

அவள் வந்தாள். செருப்பை வெளியே விட்டாள். கம்பெனியில் செய்வதுபோலவே கொலுசைக் கழற்றி, செல்போனையும் சேர்த்துச் சுவர் மேல் வைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு குழாயை எடுத்தாள். கேமரா, லைட், மைக் என்று எல்லோரும் அந்தச் சின்ன ஷெட்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் கை நின்றுவிட்டது. தலையைத் தூக்கி எண்ணிப் பார்த்தாள். மருந்து ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

"இம்புட்டுப் பேரு உள்ள நிக்கக் கூடாது. நாலு பேருதேன். மத்தவங்க வெளிய போங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அம்மா, இது வெறும் கரிதானேம்மா" என்றான் இயக்குநர். அது அவளுக்குத் தெரியாதா என்ன, இடித்தவளே அவள்தான். ஆனாலும் கை ஓடவில்லை. வாசலில் நின்ற நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் அவளைச் சுட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? என் தங்கச்சி ஏழாவது ஆளா உள்ள உக்காந்திருந்தா. நாலோட நிப்பாட்டியிருந்தா அவ இன்னைக்கு இருப்பா."

அவள் தங்கை ஒரு பட்டாசுக் கம்பெனி விபத்தில் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் மகளே அந்த ஏழு பேர் கணக்கை அன்றுதான் கேட்டாள். இயக்குநர் சிரிப்பை நிறுத்தினான். கேமராக்காரரைப் பார்த்தான். அவர் லேசாகத் தலையாட்டினார். ஷீட்டில் கலர் சரியாக உட்கார்ந்ததும் ஆர்டர்காரர் முகம் எப்படி இருக்குமோ, அவன் முகம் அப்படி இருந்தது.

என் மனைவிக்கும் புரிந்துவிட்டது. எழுந்து வெளியே வந்து அவனிடம் சொன்னாள். "தம்பி, இப்பச் சொன்னதை நீங்க போடக் கூடாது. அவ எனக்குத் தங்கச்சி. ஊரு பாக்கதுக்கு இல்ல."

"கண்டிப்பா வெட்டிடறேம்மா" என்று அவன் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

வேன் தெருமுனை தாண்டியதும் நான் சொன்னேன், "பாத்துக்கிட்டே இரு, இவன் போடத்தான் போறான்."

"அப்ப நீங்க பேசி நிப்பாட்டுங்க. உங்களுக்குத்தேன் இவனுகளைப் பத்தி எல்லாம் தெரியுமே" என்றாள். பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. சரி என்றேன்.

நாலு நாள் கழித்து பிரஸ்ஸில் இருக்கும்போது அவனே போன் செய்தான். சீசன் நேர வேலை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். "அப்பா, அந்த இடம் இல்லாட்டி நம்ம பொண்ணுக்குச் சொல்ல எதுவுமே இல்ல. அவகூட மோதுற பொண்ணுக்குப் பெரிய கதை இருக்கு. ரெண்டுல ஒருத்தர்தான் அடுத்த சுற்று. நீங்க வேணாம்னா வெட்டிடறேன்" என்றான்.

அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்காமல் போட்டிருந்தால் பார்த்தாயா என்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன். மகள் ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக ஐஸ் வாட்டர்கூடத் தொடாமல் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். "பாத்துச் செய்யுங்க தம்பி" என்றேன். நாங்கள் டாக்டரிடமும் புரோக்கரிடமும் சொல்கிற வார்த்தைதான், ஆமாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. ஆனால் அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்றான். வீட்டில் நான் சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஒளிபரப்பானது. மகள் சென்னையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஷெட் வந்தது, கரி வந்தது. என் சிரிப்பை மட்டும் வெட்டிவிட்டு என் மனைவியின் முகத்தை நெருக்கமாகக் காட்டினார்கள். "என் தங்கச்சி ஏழாவது ஆளா..." என்றதும் வயலின் ஏறியது. எது எங்கே ஒட்டியது, எங்கே வெட்டியது என்று எனக்கு அத்தனையும் தெரியும். தெரிந்தும் எனக்கு அழுகை வந்தது. உயிரோடு இருந்தபோது தீபாவளிக்குத் தீபாவளி எனக்குச் சட்டை எடுத்துத் தருவாள் என் கொழுந்தியாள். "பிரஸ்காரருக்குக் கலர் பாக்கத் தெரியல" என்று கேலி செய்வாள். தோள் குலுங்க அழுதேன். மகள் பாடியது என் காதில் விழவே இல்லை.

என் மனைவி அழவில்லை. மகள் தேர்வாகி, எல்லோரும் கைதட்டிக் கலைந்து போகும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு டிவியை அணைத்தாள்.

"உங்ககிட்டக் கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்னீக?"

"பாத்துச் செய்யச் சொன்னேன்."

ரிமோட்டைக் கீழே வைத்தாள். "என் தங்கச்சியை மூட்டையாக் கட்டிக் கொண்டாந்தாகளே, அன்னைக்கு அவசர லேபிள்னு மூணு மணிக்கே மெஷினுக்குப் போயிட்டீக. ஒரு சொட்டுத் தண்ணி உங்க கண்ணுல வரல. இன்னைக்கு டிவில போட்டதும் இம்புட்டு அழுறீக. இதை நான் என்னன்னு எடுத்துக்க?"

இது நிஜமான அழுகைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நம்புவாளோ மாட்டாளோ, எனக்கே நம்பிக்கை வரவில்லை.