ஏழாம் கோட்டையும் இரண்டரைப் படகும்

கடந்த புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு நாலுக்கு நான் ஒரு கேம் பெட்டியைச் சாகடித்தேன்.

பெட்டியின் சொந்தக்காரி அடுத்த அறையில் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். என் அக்கா. அவருக்கு இரண்டரைக்குப் படகு. நெடுந்தீவில் அந்தப் படகை விட்டால் அடுத்தது மறுநாள்தான். அவருக்கோ அன்று இரவே கொழும்பு பஸ், விடிந்தால் பாரிசுக்கு விமானம். துறைக்குப் போகும் நேரத்தைக் கழித்தால் என் கையில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை.

முதலில் இருந்து சொல்கிறேன்.

அக்கா மூன்று கிழமை லீவில் வந்திருந்தார். வரும்போது கைப்பையில் ஒரு சின்னப் பெட்டி — சவர்க்காரப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தக் காலத்து வீடியோ கேம் மெஷினை அப்படியே சுருக்கி இப்போது திரும்பவும் விற்கிறார்களே, அது. டிவியில் கொழுவினால் உள்ளே முப்பது கேம். முப்பத்தோராவது போட முடியாது. கம்பனி பூட்டித்தான் விற்கிறது. ஆனால் பூட்டு என்று ஒன்று இருந்தால், அதைத் திறந்த ஒருவன் எப்படித் திறந்தேன் என்று இணையத்தில் எழுதாமல் விடுவானா?

"தம்பி, இதுக்குள்ள இன்னும் கொஞ்சக் கேம் போட ஏலுமோ?" வந்த அன்றே அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா. அரை மணித்தியால வேலை."

எனக்கு எதிரி வெளியில் இல்லை. இந்த வாய்தான்.

அந்த அரை மணித்தியாலத்தை மூன்று கிழமையாகத் தள்ளிப்போட்டேன். நயினாதீவுக் கோயிலுக்கு ஒரு நாள், மண்கும்பான் கடலுக்கு ஒரு நாள், சொந்தக்காரர் வீடுகளில் சாப்பாட்டுக்குப் பல நாள்... கடைசியில் புதன்கிழமை பதினொன்றரைக்கு லப்டொப்பைத் திறந்தேன். முதல் வயர் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர் என்று கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் போனது. சரியான வயர் கிடைத்தபோது லப்டொப்பில் கொழுவ ஓட்டை இல்லை. மூன்றில் இரண்டைக் கடல் காற்றின் உப்புத் தின்றுவிட்டது. மூன்றாவது ஆடும். கலண்டர் தாளை மடித்துச் செருகி அதை இறுக்கினேன்.

அப்போதுதான் அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, பன்ரெண்டுக்கு ராகு காலம். அதுக்கு முதல் தொடங்கு. தொடங்கினாக் காணும், பிறகு நடுவில வந்தாப் பரவாயில்லை."

எங்கள் வீட்டுச் சட்டம் இது. வேலை எப்போது முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எப்போது தொடங்கியது என்பதுதான் கணக்கு. எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று இந்த வாராந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தேன். 11:56.

வழிகாட்டிக் குறிப்பில் முதல் படி என்ன தெரியுமா? பெட்டியை இயக்குகிற மென்பொருளை லப்டொப்புக்குப் பிரதி எடுத்து வைப்பது. பக்கப். நாலைந்து நிமிடம் பிடிக்கும். இரண்டாவது படியில்தான் பூட்டைத் திறக்கிற புது மென்பொருளை ஏற்றத் தொடங்குவது. நான் நேரே இரண்டாவது படிக்குப் போனேன். 11:58-க்குத் தொடங்கிவிட்டேன் என்று அக்காவுக்குச் சத்தமாகச் சொல்லவும் செய்தேன்.

எழுபத்தொரு வீதத்தில் வயர் விட்டுவிட்டது. யாரும் தட்டவில்லை, ஆட்டவில்லை. தானாக விட்டது.

திரும்பக் கொழுவினேன். போட்டேன். நிற்பாட்டினேன். போட்டேன். பெட்டியில் லைட் இல்லை. டிவி கறுப்பு.

"முடிஞ்சுதே?"

"முடியுது அக்கா..."

அக்கா கையில் ஒரு பனங்கிழங்குப் புழுக்கொடியல் பொதியோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் லப்டொப்பைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பாத்துச் செய் தம்பி. அதுக்குள்ள அத்தான்ர கேம் கிடக்கு."

அத்தான், அக்காவின் கணவர், காலமாகிப் பதினாலு மாதம். பாரிசில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை செய்தவர். வேலையால் வந்து கால் நீட்டிக்கொண்டு விளையாடுவாராம். வாள் பிடித்த ஒரு குட்டி வீரன் எட்டுக் கோட்டை பிடிக்க வேண்டிய விளையாட்டு. விட்ட இடத்தைப் பெட்டி ஞாபகம் வைத்திருக்கும்.

"ஆறு கோட்டை முடிச்சவர். ஆசுப்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாளும் விளையாடினவர்" என்றார் அக்கா. "இப்ப ஏழாம் கோட்டை வாசல்ல நிக்கிறார்."

சொல்லிவிட்டு எழும்பிப் போனார். எனக்குப் பயம் பிடித்தது. பயம் என்றால் சும்மா பயம் இல்லை, அக்காவின் முகத்தை இனிப் பார்க்க முடியாது என்கிற பயம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்தானே? சொல்லவில்லை. எத்தனை பேர் சொல்லியிருப்பீர்கள்?

போனைத் தூக்கிக்கொண்டு வளவின் பின்பக்கம் ஓடினேன். கல்வேலிக்குக் கிட்டப் போனால்தான் எங்கள் வீட்டில் சிக்னல். ஊர்காவற்றுறையில் போன் திருத்துகிற என் கூட்டாளி றெஜியைக் கூப்பிட்டேன். நடந்ததைக் கொட்டினேன்.

"பக்கப் எடுத்தனீரோ?" என்றான் றெஜி.

"இல்லை."

"ஏன்?"

"ராகு காலத்துக்கு முதல் தொடங்க வேணும் எண்டு..."

றெஜி ஞாயிறு பூசை தவறாத ஆள். ராகு காலத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"சரி, விடும். இப்ப சொல்லுறதைக் கேளும். பாதியில நிண்டது பெட்டியை எழுப்புற சொப்ட்வெயார். அத்தான்ர கேம் கிடக்கிறது வேற இடத்தில. கம்பனிச் சொப்ட்வெயாரைத் திருப்பிப் போட்டா அநேகமா எழும்பும். இதே மாதிரிப் பெட்டி ஒண்டு போன வருசம் செய்தனான், அதின்ர பைல் என்னட்டை இருக்கு, அனுப்புறன்."

எனக்கு மூச்சு வந்தது.

"நில்லும், முடிக்கேல்லை. போடேக்க ஒரு கேள்வி கேக்கும், உள்ளுக்க இருக்கிற எல்லாத்தையும் அழிக்கவோ எண்டு. ஓம் எண்டு அமத்தினீரோ, அத்தானும் போயிடுவார்."

பைல் பெரிதில்லை. ஆனால் கல்வேலிச் சிக்னல் அதை இருபத்தைந்து நிமிடம் இழுத்தது. இரண்டு தடவை அறுந்து முதலில் இருந்து தொடங்கியது. நடுவில் அக்கா குசினி வாசலில் வந்து, "சோறு ஆறுது, அங்க என்ன செய்யிறாய்?" என்றார். "ஒபிஸ் கோல்" என்றேன். அடுத்த பொய்.

உள்ளே வந்து பைலை புளூடூத்தில் லப்டொப்புக்கு மாற்றியபோது ஒன்று பத்து. இந்த முறை கலண்டர் தாளை நம்பவில்லை. வயரை இரண்டு விரலால் அமத்திப் பிடித்தேன். மற்றக் கை லப்டொப்பின் டச்பாட்டில். றெஜி சொன்ன கேள்வி வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. நாலு தடவை வாசித்தேன். வேண்டாம் என்பது எந்தப் பட்டன்? இடதா? எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க அந்த நிமிடம் எங்கே போனதோ. ஐந்தாம் தடவையும் வாசித்துவிட்டு அமத்தினேன்.

பத்து வீதம். முப்பது. ஐம்பது. விரல் மரத்துப்போனது. மூக்கு நுனியில் இருந்த ஈயை ஊதக்கூடப் பயமாக இருந்தது. எழுபது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு!

நூறு வந்ததும் வயரைக் கழற்றி, டிவியில் கொழுவி, சுவிட்சைப் போட்டேன். லைட் எரிந்தது. கேமைத் திறந்தேன். ஒரு பெரிய மரக்கதவு. அதற்கு முன்னால் வாளோடு ஒரு குட்டி ஆள்.

அழுதேன். ஐம்பது வயது ஆண் ஒருவன் கேம் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து அழுதேன் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

"இனிப் பக்கப் எடுத்துப்போட்டு ஆறுதலாக் கேமை ஏத்தும். பத்து நிமிசம்" என்றான் றெஜி, நான் திரும்பக் கல்வேலிக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டபோது. மணி ஒன்றரை. நேரம் தாராளமாக இருந்தது.

"என்னால ஏலாது" என்று போனை வைத்துவிட்டேன். பெட்டியைத் துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்தேன். "இந்த மொடலுக்குக் கேம் ஏறாதாம் அக்கா." மூன்றாவது பொய்.

துறையில் சூட்கேஸை இறக்கும்போது அந்தப் பொய்கள் எனக்குத் தாங்கவில்லை. படகுக்குச் சனம் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வயர், எழுபத்தொரு வீதம், றெஜி, அந்தக் கேள்வி.

அக்கா கைப்பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு நாளும் வேலையால வந்து அதைப் போடுவன்" என்றார் பிறகு. "அவர் வாசல்ல நிப்பார். உள்ள கொண்டுபோனாச் செத்துப்போவார், எனக்கு விளையாடத் தெரியாது. பாத்திட்டு நிப்பாட்டுவன். பதினாலு மாசமா இதுதான். அதுக்காகத்தான் தம்பி வேற கேம் கேட்டனான்."

"அழிஞ்சிருந்தா அக்கா?"

"உன்னோட ஒரு வருசம் கதைச்சிருக்க மாட்டன்." சூட்கேஸின் கைபிடியை என் கையில் இருந்து வாங்கினார். "பிறகு வேற கேம் விளையாடியிருப்பன்."

படகு வெளிக்கிட்டது. அக்கா கை காட்டினார். நானும் காட்டினேன்.

மற்றவர்களுடைய துக்கத்தில் கை பட்டுவிட்டால் நாங்கள் பயந்துவிடுகிறோம். பயந்ததும் அதை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, பெரிதாக எதையோ காப்பாற்றிவிட்டோம் என்று வியர்வையைத் துடைக்கிறோம்.

பத்து நிமிட வேலைதான் மிச்சம் இருந்தது. அக்கா என்னிடம் கேட்டதும் அதை மட்டும்தான்.