உப்பளத்துக் கிரகமும் ஏகனின் முகமும்

1. சேனலில் இருந்து போன்

நான் பல் விளக்குவதற்குள் சேனலில் இருந்து போன் வந்தால் அது நல்ல சேதியாக இருந்ததே இல்லை. அந்த வருஷம் பொங்கல் கழிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முத்தையாபுரத்தை அடுத்த உப்பளத்தில் மழைத்தண்ணீர் வடிந்து, பாத்திகளை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நாங்களும் புது ஷெட்யூலுக்கு வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"மேடம், நெக்ஸ்ட் ஜனவரியில இருந்து ஏகன் ஃபுல்லா கிராஃபிக்ஸ்தான். அந்த சூட் ரொம்பப் பழசாத் தெரியுது. இந்த வருஷம் மட்டும் மேனேஜ் பண்ணிக்குங்க" என்றார் சேனல் மேனேஜர். சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உள்ளே இருக்கும் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'தரைக்கு அப்பால்' பத்தாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்த விஞ்ஞானத் தொடர். பூமியில் இருந்து போன விண்கலம் ஒன்று தண்ணீரே இல்லாத வெள்ளைக் கிரகத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கிரகம்தான் எங்கள் உப்பளம். மாட்டிக்கொண்டவர்களுக்கு வழிகாட்டும் ரோபோ, ஏகன். நான் கன்டினியூட்டி பார்ப்பவள். நேற்று எடுத்த ஷாட்டோடு இன்றைக்கு எடுப்பது ஒட்டுகிறதா என்று பார்த்து, எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்குகிற வேலை. நாசரேத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் டீச்சர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. சும்மா உட்காரத்தான் வராது.

ஏகன் சூட்டுக்குள் முதல் நாளில் இருந்து இருந்தவன் புன்னைக்காயல் லூர்து. சேதியை நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. தலைக்கவசத்தின் துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தவில்லை.

"சரிக்கா. அப்ப நான் போறதுக்குள்ள ஒரு தடவ என் மூஞ்சியக் காட்டிரலாமா?"

"காட்ட முடியாதுலே. ஏகன் மிஷின். மிஷினுக்குள்ள ஆள் இருந்தா பத்து வருசக் கதையும் பொய்யாயிரும்" என்றேன்.

அது நான் போட்ட விதி. சூட் போட்ட லூர்துவை யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. கால்ஷீட்டில்கூட 'ஏகன்' என்றுதான் எழுதுவேன். டைட்டில் கார்டிலும் அப்படியேதான் போகும்.

2. ஓடுகிற உப்பு

உப்பளத்தில் படம் எடுப்பது ஓடுகிற பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. பங்குனி, சித்திரையில் உப்பு நன்றாக விளையும். இன்றைக்குப் பாத்தி வெள்ளையாக இருக்கும். நாளைக்கு வாரிக் கரையில் அம்பாரமாகக் குவித்திருப்பார்கள். மறுநாள் அந்த அம்பாரமும் லாரியில் போயிருக்கும். ஏகன் ஒரு மலைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்ப்பதாகப் பாதி சீன் எடுத்திருப்போம். மீதி எடுக்கப் போனால் மலை கொச்சிக்குப் போயிருக்கும்.

உப்பளக் கணக்குப்பிள்ளை அண்ணாச்சியிடம் ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"அண்ணாச்சி, அந்த மூணு அம்பாரத்த நாளைக்கு வரைக்கும் விட்டு வைங்களேன்."

"உங்க கெரகத்துக்கு மலை வேணும்னு எங்க லாரி சும்மா நிக்குமா தாயி? அங்கன வடக்க புதுசா வாருதாவ. அந்த மலைய வச்சிக்கிடுங்க."

அங்கே போனால் பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். உடனே கதாசிரியரைக் கூப்பிட்டு, அந்தப் புகைபோக்கியை வேற்றுக்கிரகத்துக் கோபுரம் என்று வசனத்தில் சேர்க்கச் சொல்லுவேன். ஒளிபரப்புக்குக் கையில் நாலைந்து எபிசோடுதான் இருக்கும். மேனேஜர் தினமும் கூப்பிடுவார். எனக்குச் சாப்பாடு இறங்காது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும்.

அந்த ஓட்டத்தில் நிதானமாக இருந்தது லூர்து மட்டும்தான். ஃபைபர் சூட்டுக்குள் அந்த வெயிலில் வெந்துகொண்டே நடித்தான். ஏகனுக்கு முகம் அசையாது, குரல் சென்னையில் வேறொருவர் கொடுப்பது. அதனால் அவன் எல்லாவற்றையும் கழுத்தில் செய்தான். கொஞ்சம் சாய்த்தால் சந்தேகம். தோளை இறக்கினால் துக்கம். கோபம் என்றால் அப்படியே நின்றுவிடுவான். ஜனங்கள் ஏகனுக்காக அழுதார்கள். எங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்ற லூர்துவைத் தள்ளிக்கொண்டு ஏறி, சீட்டில் உட்கார்ந்து ஏகனைப் பற்றிப் பேசினார்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை வள்ளம்

ஆவணியில் சேனலுக்குத் திடீரென்று கடல் வேண்டியதாயிற்று. கிரகத்தில் தண்ணீர் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் கரையில் சும்மா கிடக்குமே என்று நானே நாள் குறித்தேன். லூர்துவின் மச்சானுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. அவரைக் கேட்க நானும் லூர்துவும் புன்னைக்காயலுக்குப் போனோம்.

மச்சான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நாளைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம கடலுக்குப் போவோமா மேடம்? கோயில் பூச நாளு. ஊர்ல ஒருத்தன் வள்ளம் தள்ள மாட்டான். இவன் ஒங்ககிட்ட சொல்லலியா?"

லூர்து சொல்லியிருந்தான். ஒளிபரப்புக்கு எபிசோடு தீர்ந்துவிடுமோ என்கிற பதற்றத்தில் நான் காதில் வாங்கவில்லை. மச்சான் திங்கட்கிழமை வள்ளத்தோடு வருகிறேன் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"ஒண்ணு கேக்கேன் மேடம். இவன் நெசமாவே நடிக்கானா? பத்து வருசமா டிவிக்குப் போறேன் டிவிக்குப் போறேன்னு சொல்லுதான். ஒரு நாளும் நாங்க பாக்கலியே. அந்த டப்பாக்குள்ள நான்தான் இருக்கேங்கான். டப்பாக்குள்ள யாரு வேணும்னாலும் இருக்கலாம்லா? எந்தங்கச்சி மவ பள்ளிக்கூடத்துல 'எங்கப்பாதான் ஏகன்'னு சொல்லிட்டு, எல்லாரும் சிரிச்சி, அழுதுட்டு வந்திருக்கா. இப்ப அவளும் சொல்லுதது இல்ல."

நான் லூர்துவைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் இறங்கியிருந்தது. திரையில் ஆயிரம் தடவை பார்த்த அதே தோள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'இவர்தான் ஏகன்' என்று நான் அங்கேயே உறுதி சொன்னேன். மச்சான் மரியாதைக்குத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவன் பெயரை எங்குமே எழுதாமல் விட்டவள் வாயால் சொன்னால் எப்படி நம்புவார்கள்?

4. மழைக்கு முன்னால்

டைரக்டர் சாத்தான்குளத்துக்காரர். அவரிடம் போய், லூர்து ஏகனாக வரும் கடைசி எபிசோடில் தலைக்கவசத்தைக் கழற்றட்டும் என்றேன்.

"மூஞ்சி கூடாது மூஞ்சி கூடாதுன்னு எங்க உயிர எடுத்தவ நீதான? இப்ப என்னாச்சி ஒனக்கு?"

"விதிய நான்தான் போட்டேன், நானே எடுக்கேன். உள்ள ஒரு மனுசன் இருந்து இவங்களக் காப்பாத்திக்கிட்டு இருந்தான்னு வையுங்க. கத கெட்டா போயிரும்?"

அவர் யோசித்தார். சேனலுக்குச் சொல்லாமல் எடுப்போம், மூடியபடி ஒன்று, கழற்றி ஒன்று, எது நன்றாக வருகிறதோ அதை அனுப்புவோம் என்றார்.

ஐப்பசி பிறந்து தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. காய்ந்த பாத்தி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஒரு மழை பெய்தால் அந்த வருஷத்துக் கிரகம் கரைந்துவிடும். முதலில் கவசத்தோடு எடுத்தோம். ஏகன் உப்பில் மண்டியிட்டு, தன் விண்கலத்து ஆட்களைத் திரும்பிப் பார்க்கிறான். கழுத்தை லேசாகச் சாய்த்தான், அவ்வளவுதான். கேமராமேன் கண்ணைத் துடைத்தார். ஒரே டேக்கில் ஓகே.

பிறகு கழற்றினான். வழித்த தலை, வியர்வை, வெயில் படாமல் வெளுத்த கன்னம். ஆக்‌ஷன் சொன்னதும் முகம் மரமாகிவிட்டது. ரேஷன் கார்டு போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி முழித்தான். கழுத்து அழுதது, தோள் அழுதது, முகம் மட்டும் சும்மா இருந்தது. திரும்ப எடுத்தோம். இன்னும் மோசம்.

"மூஞ்சில ஒண்ணுமே இல்லியேலே" என்றார் டைரக்டர், கோபமில்லாமல்.

"பழக்கமில்ல சார்" என்றான் லூர்து.

முதல் துளி விழுந்தது. கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு எல்லோரும் வேனுக்கு ஓடினோம்.

5. எடிட் ரூம்

இரண்டையும் போட்டுப் பார்த்தோம். சின்னக் குழந்தைக்கும் எது நல்ல ஷாட் என்று தெரியும். டைரக்டர் எழுந்துகொண்டார். "நீ கேட்டுத்தான் எடுத்தேன். நீயே முடிவு பண்ணு. சேனல்காரன் கேட்டா ஒம்பேரத்தான் சொல்லுவேன்" என்று போய்விட்டார். மாலைக்குள் எபிசோடு அனுப்ப வேண்டும். அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். வேலை தெரிந்த கை கவசம் போட்ட ஷாட்டுக்குத்தான் போனது. அவன் பெயருக்கே அதுதான் கௌரவம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. லூர்துவுக்குப் போன் போட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன். மூடினது பிரமாதம், முகம் காட்டினது சுமார்கூட இல்லை, நீயே சொல் என்றேன்.

நல்லா வந்ததைப் போடுங்கக்கா என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சுபாவம் அது.

"பத்து வருசமா நல்லா வந்ததத்தானக்கா போட்டீய" என்றான். "ஒரு நாளாச்சும் நான் வந்ததப் போடுங்க."

போட்டேன். டைட்டிலில் அவன் பெயரையும் போட்டேன். ஜனங்கள் திட்டினார்கள். அந்த முழிப்பை வைத்துக் கேலிப் படங்கள் போட்டார்கள். மேனேஜர் என்னிடம் விளக்கம் கேட்டார், டைரக்டரும் சொன்னபடி என் பெயரையே சொன்னார். ஒளிபரப்பான அன்று புன்னைக்காயலில் இருந்து லூர்துவின் மகள் பேசினாள். "எங்கப்பா மொகம் டிவில தெளிவா வந்திச்சி அத்தை" என்றாள். நடிப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கன்டினியூட்டி சொல்லிக் கொடுக்கும்போது இதையும் சொல்லுகிறேன். ஷாட் ஒட்டுகிறதா என்று பார்க்கத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள், அதைச் சரியாகப் பாருங்கள். ஆனால் சூட்டுக்குள் இருப்பவர் பெயரை முதல் நாளே டைட்டிலில் எழுதிவிடுங்கள். நான் எழுதியிருந்தால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அழுதிருக்க மாட்டாள், லூர்துவும் அந்த நல்ல ஷாட்டோடு போயிருப்பான்.