தலைகீழாக மாட்டிய அட்டை

போன வாரம் கண்டி நகரில் மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். கதிரையில் காத்திருந்தபோது, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையின் கடைசி வரியை என் வாய் தானாகவே மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் கண் பார்த்த ஆள் நான். வெட்கமாகத்தான் இருந்தது.

இந்தத் திருட்டுப் பழக்கம் யாரிடமிருந்து தொற்றியது என்று எனக்குத் தெரியும். ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் சுகாதாரச் சேவை ஒரு காலத்தில் என் பொறுப்பில் இருந்தது. தராசு, பூச்சி மாத்திரை, தடுப்பூசிப் பெட்டி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே நாளில் ஒரு பாடசாலையை முடித்துவிடுவேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்! ஸ்பிரிட் வாசனை வந்தாலே சின்னதுகள் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும். கண் பரிசோதனைக்கு மட்டும் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். அட்டை முழுக்க மூன்று கால் உள்ள ஆங்கில E ஒன்றுதான், மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பியிருக்கும். கால் எந்தப் பக்கம் என்று மூன்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும்.

ஒரு பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு முழுவதும் பிழையில்லாமல் காட்டியது. எல்லாருக்கும் பார்வை நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீரையின் மகிமை பற்றி ஆசிரியைக்கு ஒரு பிரசங்கமும் செய்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது ஆசிரியை, யோகேஸ்வரி என்ற பிள்ளையின் கொப்பியை நீட்டினார். கரும்பலகையில் எட்டு என்றால் கொப்பியில் மூன்று.

"இத புலமைப்பரிசில் சோதனை வகுப்புல இருந்து எடுத்துறப் போறேன் சேர். கண்ணு நல்லாருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்ப சோம்பேறித்தனந்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. அட்டையை எடுத்துத் தலைகீழாக மாட்டினேன். பெரிய எழுத்து கீழே போனதைக்கூட யோகேஸ்வரி கவனிக்கவில்லை. பழையபடியே மேலே, வலம், கீழே என்று மளமளவென்று விரலைக் காட்டிக்கொண்டு போனாள்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"முன்னுக்குப் பாத்த புள்ளைங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துச்சுங்க சேர். ஃபெயிலானா பேர வெட்டிருவாங்கன்னு பயம்."

தோட்டத்தில் வேலைக்கு வராதவர்களுக்குப் பேர் வெட்டுவார்கள். கண்ணுக்கும் அதே சட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். அவள் பேரை வெட்ட இருந்தது என் கையெழுத்துத்தான். அன்றைக்கே என் பிழையை ஆசிரியையிடம் ஒப்புக்கொண்டு வகுப்பு முழுவதையும் மறுபடி சோதித்தேன். யோகேஸ்வரி வகுப்பிலேயே இருந்தாள், கண்ணாடியும் வந்தது.

நான்தான் அதை மாட்டிவிட்டேன். இடைவேளை நேரம். வராந்தாவில் நின்று, பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் எதிர்மலையைப் பார்த்தவள் கத்தினாள்.

"சேர், அந்தா எங்கம்மா! கையக் காட்டுறாங்க!"

"தெனமும் இந்நேரத்துக்குக் காட்டுவாங்களேடி," என்றார் ஆசிரியை.

அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்மையில் அந்த வழியாகப் போனேன். பாடசாலைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எதிர்மலையில் தேயிலை இல்லை, மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள், அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.