பாப்பா வேலையா இருக்கா

வேன்காரருக்கு ஒரே ஒரு சொல்லின் மேல் பல வருடக் கோபம். அந்தச் சொல் 'வேலை'. விடிவதற்கு முன்னே எழுந்து, தெருத் தெருவாக ஹாரன் அடித்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து இறக்குகிறாரே, அதை யாரும் வேலை என்பதில்லை. 'வண்டி ஓட்டறார்' என்பார்கள், அவ்வளவுதான். மூக்கு ஒழுகும் ஒரு வாண்டு பாயில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்துப் பட்டாணியை இன்னொரு கிண்ணத்துக்குக் கரண்டியால் மாற்றினால் மட்டும் அது வேலை. அந்தப் பக்கம் போனால் போதும், அவர் மனைவி உதட்டில் விரலை வைத்துவிடுவாள்.

"உஷ்! வேலையா இருக்கான். தொந்தரவு பண்ணாதீங்க."

அவர் பிள்ளைகளை இறக்கும் அந்த மாண்டிசோரி மழலை வகுப்புக்கு அவள்தான் டீச்சர். குரல் பஞ்சு, பிடிவாதம் பாறை. ஒருவர் தானே செய்யக்கூடியதை அடுத்தவர் செய்து கொடுக்கக் கூடாது என்பது அவள் சட்டம். வீட்டிலும் அதேதான். சட்டையில் பித்தான் அறுந்துவிட்டது என்று அவர் நீட்டினால், ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

வருடக் கடைசி வந்தால் அவருக்கு உயிர் போகும். அலமாரிகளைப் பிள்ளைகளேதான் கழுவ வேண்டுமாம். அவர் குழாயைப் பிடித்து ஒரு அடி அடித்தால் முடிகிற காரியம். இங்கே குட்டி வாளி, உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சு. அலமாரி நனைந்ததைவிடச் சட்டைகள் நனைந்ததுதான் அதிகம். போன வருடம் வராந்தா நீளத்துக்கு, எண்ணிப் பழகும் ஆயிரம் மணிச் சங்கிலியை விரித்து ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தான். அவசரத்தில் தாண்டப்போன வேன்காரரின் கால் பட்டு, பாவம், அவன் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். அன்று சாயங்காலம் வீட்டில் அவர் வாங்கிய முறைப்பைச் சொல்லி மாளாது.

இந்த வருடத் தலைவலி ஷூ லேஸ். வகுப்பில் குட்டி என்று ஒரு பெண். கூட்டாளிகளோடு பெரிய பள்ளிக்குப் போக வேண்டியவள். "லேஸ்கூடக் கட்டத் தெரியல, அங்க போய் என்ன பண்ணுவா? இன்னொரு வருஷம் இங்கயே இருக்கட்டும்" என்று அவள் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். தான் மட்டும் தங்குவதா என்று குட்டிக்கு ஒரே அழுகை.

"கடைசி நாள் நீங்களே வந்து பாருங்க" என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் ஒன்று அவளுக்குப் புரியவில்லை. முடிச்சுப் போட்டுப் பழக ரிப்பன் கோத்து வைத்த மரச்சட்டத்தில் குட்டி அழகாகப் பூ முடிச்சுப் போடுகிறாள். ஷூவை மாட்டினால் மட்டும் காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறாள்.

"ஏம்மா கண்ணு, இதுவும் அதே முடிச்சுதானே?"

"ஷூ வேன் மாமாவோட வேலை" என்றது குட்டி.

வாசலில் நின்ற வேன்காரர் நழுவப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள் டீச்சர்.

"நான் என்ன பண்றது? வண்டியில ஏத்தற நேரத்துல அவ கட்டி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிடும். பின்னாடி நிக்கற வண்டிக்காரன் ஹாரன் அடிச்சே உசுரை வாங்கறான். குனிஞ்சு ஒரு இழுப்பு, முடிஞ்சுது."

"தினமுமா?"

"ஆமா, தினமுந்தான். இத்தனை வருஷத்துல எனக்கும் ஒரு வேலை இருக்குன்னு சொன்ன ஒரே ஆள் இந்த வாண்டுதான்!"

டீச்சர் சிரிக்கவில்லை. "அந்த வேலை இன்னையோட போச்சுன்னு வெச்சுக்குங்க."

கடைசி நாள் அம்மா வந்தாள். மற்ற பிள்ளைகள் அவரவர் செய்ததைப் பெற்றவர்களுக்குக் காட்டிவிட்டு வேனில் ஏறிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குட்டி மட்டும் வாசல் பெஞ்சில். முதல் சுருக்கு சரிந்தது. அடுத்ததும் சரிந்தது.

"காட்டுடி இங்க, நான் கட்டறேன்" என்று அம்மா குனிந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. பாப்பா வேலையா இருக்கா" என்றாள் டீச்சர்.

வேன்காரர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். குட்டி அவரைப் பார்த்துக் காலை நீட்டினாள்.

"அது இப்ப என் வேலை இல்ல தாயி. உங்க டீச்சர் பிடுங்கிட்டாங்க" என்றார், எரிச்சலாகத்தான்.

குட்டி முகத்தைச் சுளித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். இந்த முறை முடிச்சு நின்றது. ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. ஆனாலும் முடிச்சு.

அம்மா தோள்பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அட, நீயேதானாடி? சரி, இன்னொண்ணையும் கட்டிடு. பெரிய ஸ்கூல்லயே சேத்துடறேன்."

வேனுக்குள் எந்த வாலுப் பிள்ளையோ ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பாடா என்று சாவியை எடுத்துக்கொண்டு வேன்காரர் ஓடினார்.

"என்னங்க, வண்டியை எடுத்துடாதீங்க!" என்றாள் டீச்சர் பின்னாலிருந்து. "இன்னொரு கால் இருக்கு."