புதுச்சத்திரம் வரைக்கும் திறந்திருந்த ஃபிரிட்ஜ்

இன்று காலை சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா. போனை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டிலிருக்கும் கணவரிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, காலையில கிள்ளையிலேர்ந்து வாங்கியாந்த இறால ஃப்ரீசர்ல வச்சிடுங்க. கீழ வச்சா சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

"ஃபிரிட்ஜத் தொறந்துதான் நிக்கிறேன். இறாலக் காணுமே."

அந்த அம்மா தட்டுத் தட்டாகச் சொல்ல ஆரம்பித்தார். மேலே பால், தயிர். அடுத்ததில் தோசை மாவு, அதற்குப் பின்னால் நேற்றைய காரக்குழம்பு. கீழே பேப்பரில் சுற்றிய முருங்கைக்கீரை. கணவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"வெங்காயத்த யாரு இதுக்குள்ள வச்சது?"

"இப்ப அது ரொம்ப முக்கியமா?"

பி.முட்லூர் போனது. புதுச்சத்திரமும் வந்துவிட்டது.

"வீட்டுக்கு வந்ததும் இறால் பைய எங்கதாங்க வச்சீங்க?"



"வண்டியில மாட்டுனேன்."

"வண்டி எங்க நிக்கிது?"

"வெயில்ல."

பஸ்ஸில் பாதிப் பேர் உச்சுக் கொட்டினார்கள். கண்டக்டர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "யக்கா, இறாலு போனது போவுது. மொதல்ல அந்த ஃபிரிட்ஜ் கதவ சாத்தச் சொல்லுங்க. சிதம்பரத்துலேர்ந்து தொறந்தே கெடக்கு."

கடலூரில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். எனக்குத்தான் இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. இன்று ராத்திரி அந்த வீட்டில் இறால் தொக்கா, நேற்றைய காரக்குழம்பேதானா? சிதம்பரத்துக்காரர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.