தைலம் மோந்து பார்த்த காலைகள்

அந்த வருடம் எங்கள் வீட்டு வரிசையில் பொழுது விடிந்ததும் முதலில் திறப்பது பால் பாக்கெட் அல்ல, யூகலிப்டஸ் தைலப் பாட்டில். அம்மா குழாயடிக்குக் குடத்தோடு அதையும் எடுத்துப் போவாள். தண்ணீருக்கு நிற்கிற பெண்கள் மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒவ்வொருவராக மூக்கை நீட்டுவார்கள்.

"வாசம் வருதா?"

"வருதுக்கா. மண்டை வரைக்கும் ஏறுது."

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல. போயி சோலியப் பாரு."

கொரோனா வந்தால் மூக்குக்கு வாசம் தெரியாமல் போகும் என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து இதுதான் எங்கள் தெருவின் பரிசோதனை. கொடைக்கானலில் தைலம் இல்லாத வீடு ஏது? சளிக்கு அது, தலைவலிக்கு அது, தரை துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டு அது. கொரோனாவைக் கண்டுபிடிக்கவும் அதுவே போதும் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை, தானாக ஆகிப்போனது. அப்பா பஜாரில் ஒரு பாய் கடையில் கலப்படம் இல்லாத தைலமாகப் பார்த்து வாங்கி வருவார். அதனால் எங்கள் வீட்டுப் பாட்டிலுக்குத் தனி மரியாதை.

எங்கள் வீடு சரிவின் உச்சியில். கீழே படிக்கட்டை ஒட்டி வீடுகள் இறங்கிப் போகும். ஒரு வீட்டின் தகரக் கூரை அடுத்த வீட்டின் வாசல் மட்டத்தில் இருக்கும். கீழே யாராவது தும்மினால் மேலே கேட்கும். அந்த மழைக்காலத்தில் கடைசி வீட்டிலிருந்து ஒரு இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்காரர் கொத்தனார். பேத்துப்பாறையில் ஒரு துஷ்டிக்குப் போய் வந்திருந்தார். செத்தவருக்குப் பிரஷர் என்று சொன்னார்கள். அப்போதெல்லாம் எல்லாரும் பிரஷரில்தான் செத்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன, இருமல் நிக்கவே இல்ல?" என்று அம்மா அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாள்.

"தைலம் வாசம் நல்லா தெரியுதுங்குறாருக்கா. சும்மா பனி இருமல்தான்."

"தெரியுதுல்ல? அப்ப விடு."

எனக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் கிடைப்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். அங்கே சால்வையைப் போர்த்திக்கொண்டு லேப்டாப்பும் நானுமாக உட்கார்ந்திருப்பேன். வேலைக்கு நடுவில் இன்னொரு ஜன்னலில் இலங்கை திறந்திருக்கும்.

இரண்டாவது அலை ஓய்ந்துவிட்டது, விமானங்கள் பறக்கின்றன, ஊசி போட்டவர்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். அம்மா பிறந்தது நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். சின்னப் பிள்ளையாகத் தன் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்துவிட்டாள். அவளுடைய அக்கா, என் பெரியம்மா, அப்போதே கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். அதன் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. பெரியம்மாவுக்கு மூச்சு இழுப்பு. குளிர் வந்தால் பேசுவதை விட இழுப்பதுதான் போனில் அதிகம் கேட்கும். இந்த முறை போகாவிட்டால் அப்புறம் என்று ஒன்று இருக்குமா என்பதை அம்மா வாய் திறந்து சொன்னதில்லை. நான் அதை ஹாலிடே என்று பெயர் வைத்து விற்றேன். கண்டி, ரயில், ஏரி, நடுவில் பெரியம்மா.

அப்பா டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். ஊர் ஊராக வருகிறவர்களுக்குத் தூண் பாறையையும் ஏரியையும் காட்டியே தலை நரைத்தவர். லேப்டாப்பில் நான் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏரி, மஞ்சு, டீ. ஏந்தாயி, இதப் பாக்க ஏரோப்ளேன்லயா போவணும்? எங்கிட்டச் சொல்லியிருந்தா கூக்காலுக்குக் கூட்டிட்டுப் போயி இதே போட்டோவ எடுத்துருப்பேன்ல?"

"நீங்க வர வேண்டாம்ப்பா. நானும் அம்மாவும்தான்."

"நான் எங்க வாரேன்? இப்பத்தான் ரெண்டு கிராக்கி எட்டிப் பாக்குது."

விதிகளில் எனக்கு ஒரு போதையே வந்துவிட்டது. இரண்டு ஊசி போட்ட சான்றிதழ், காப்பீடு, நாட்டுக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் சுகாதார விண்ணப்பம், கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எடுத்த பரிசோதனை. முன்னாடி எடுத்தால் செல்லாது. தள்ளி எடுத்தால் முடிவு வராது. ஏனென்றால் இங்கே மூக்கில் குச்சி விட்டு எடுக்கிற சாம்பிள் காலை பஸ்ஸில் மதுரைக்கு இறங்க வேண்டும். முடிவு மறுநாள்தான் போனுக்கு வரும். மழையில் மலைப்பாதை சரிந்தால் சாம்பிளும் நிற்கும், விமானமும் போய்விடும். அதற்குள் ஒரு விதி மாறும். நேற்று இருந்த பக்கம் இன்று இருக்காது. தொட்டிக்கு மேல் நின்று போனை வானத்துக்குக் காட்டி மறுபடி திறப்பேன். அம்மாவின் ஊசிச் சான்றிதழை பாஸ்போர்ட்டோடு ஒத்துவர வைக்கவே ஒரு வாரம் ஆனது. ஒவ்வொன்றாகப் பச்சை டிக் விழும்போது ஏதோ ஆட்டத்தில் ஜெயித்ததுபோலத் துள்ளுவேன். மலைக்குக் கீழே எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை நிறைந்தது என்கிற செய்திகளும் அதே போனில்தான் வந்தன. அவற்றை விரலால் தள்ளிவிடுவேன்.

அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்தாள். அக்காவுக்கு என்று வில்பட்டிப் பக்கமிருந்து மலைப்பூண்டு, தாண்டிக்குடிக் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்த தூள். பூண்டு மூட்டையைத் துணிகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்ததும் எனக்கு மூச்சு முட்டியது.

"அம்மா! என் ஸ்வெட்டர்லாம் நாறுது. பிளேன்ல பக்கத்து சீட்டுக்காரன் எறங்கி ஓடிருவான்."

"எங்கடி நாறுது? எனக்கு ஒண்ணும் தெரியல. நல்ல பூண்டு, கட்டியாத்தான் கெடக்கு."

பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு பூண்டை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டினேன். மறுநாள் காலை குழாயடியில் வழக்கம்போலத் தைலம் சுற்றி வந்தது. அம்மாவும் மோந்து பார்த்தாள். "வருது" என்றாள். நான் என் டிக்குகளுக்குத் திரும்பினேன்.

பரிசோதனைக்குக் குறித்திருந்த நாளுக்கு முந்தின சாயங்காலம். மூடுபனி சரிவில் ஏறி வந்து படிக்கட்டை மறைத்திருந்தது. நான் மாடியில் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். 'கடந்த சில நாட்களில் உங்களுக்கோ உடன் வருபவருக்கோ அறிகுறி உண்டா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்பதைத் தொட்டேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது. கருகல். முதலில் பக்கத்தில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அது எங்கள் படிக்கட்டு வழியாக வருவது தெரிந்து இறங்கி ஓடினேன்.

அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையெட்டும் தூரத்தில் அம்மா உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டுகூட இருந்தாள்.

நான் அடுப்பை அணைத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியவள், "அய்யய்யோ, பாலு!" என்றாள்.

"உனக்குத் தெரியலையா?"

"கவனிக்கலடி."

"கவனிக்கிறதுக்கு என்ன இருக்கு? வீடே நாறுதேம்மா."

அவள் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம். காற்றை இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள்.

"கண்ண மூடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்தேன்.

"என்ன இது?"

"நீதான் சொல்லணும்."

"வெறும் டப்பாவா?"

பூண்டை நகத்தால் கீறிப் பிடித்தேன். தெரியவில்லை. அவள் தினமும் கையால் உதிர்க்கிற கறிவேப்பிலையைக் கசக்கிப் பிடித்தேன். தெரியவில்லை. கடைசியாகத் தைலப் பாட்டில்.

"தைலம்!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். "பாத்தியா, வருதுல்ல?"

"எப்படி இருக்கு வாசம்?"

"எப்படின்னா... ஜில்லுன்னு ஏறுது. கொஞ்சம் எரியுது. கண்ணுல தண்ணி வருது."

"அது எரிச்சல்மா. வாசம் எப்படி இருக்கு?"

அவள் கண்ணைத் திறந்தாள். பாட்டிலை வாங்கி மறுபடி மோந்தாள். நானும் வாங்கி மோந்தேன். எனக்கு அந்தக் குளிர்ச்சிக்குப் பின்னாலேயே இலையின் மணம் வந்தது. அவளுக்கு வந்தது அந்தக் குளிர்ச்சி மட்டும். மூக்கு செத்துப்போனாலும் தைலத்தின் சுருக்கென்ற குத்தல் சாகாது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மோந்து பார்க்க ஊரில் ஆயிரம் பொருள் இருக்க, நாங்கள் பிடித்துக்கொண்டது இதை. எத்தனை நாளாக அவள் அந்தக் குத்தலை வாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தாளோ.

அப்பா அப்போதுதான் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் நின்ற நிலையைப் பார்த்து, "என்ன, பாஸ்போர்ட்டக் காணமா?" என்றார். சொன்னேன். அம்மா பக்கம் திரும்பினார்.

"எனக்கும் ஒரு வாரமா காப்பி வெந்நீராட்டம்தான் இருக்கு. நீதான் தூளக் கொறச்சிட்டேன்னு நெனச்சேன்."

அவருக்குச் சர்க்கரை உண்டு. அது எங்கள் மூவருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்தது.

அப்பாதான் பேசினார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டு. "கார் ஸ்டாண்டுல ஒரு பய சொன்னான். மலைக்குக் கீழ ஒருத்தன் இருக்கானாம். ஆளே போக வேண்டாம், மூக்கையும் நீட்ட வேண்டாம். பேரும் பாஸ்போர்ட் நம்பரும் அனுப்புனா, கொரோனா இல்லைன்னு ரிப்போர்ட் வந்துருமாம். காய்ச்சல்கூட இல்லையே உனக்கு. நல்லாத்தான நடமாடுற."

அம்மா மடித்த சேலையை மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அந்த மடிப்பில் தெரிந்தது.

"அங்க எங்கக்கா ஒத்தக் காம்பிராவுல இருக்கா" என்றாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறையைச் சொல்ல அவளுக்கு இன்றும் அந்த வார்த்தைதான். "சமையலும் அதுக்குள்ளதான், படுக்கையும் அதுக்குள்ளதான். நான் போனா எம் பக்கத்துலதான் படுப்பா. வெளங்குதா?"

அப்பா தலையை ஆட்டினார்.

"போன் போட்டுக் குடுடி."

தொட்டிக்குப் பக்கத்தில் அம்மாவும் நானும் பனியில் நனைந்துகொண்டு நின்றோம். பெரியம்மா முதல் மணியிலேயே எடுத்தார்.

"தங்கச்சி, பிளேன் எப்ப எறங்குது? காம்பிராவுக்கு சுண்ணாம்பு அடிச்சி வச்சிருக்கேன். அந்த வாடைக்கு எனக்கு இழுப்பு வந்துருச்சி, அத வுடு."

"அக்கா, இப்ப வரலக்கா."

"என்னா? பாஸ்போட்டுல கோளாறா?"

"இல்லக்கா. எனக்கு வாசம் தெரியல. வந்துருச்சி போல."

அந்தப் பக்கம் இழுப்பு மட்டும் கேட்டது, உள்ளே போய், நின்று, வெளியே வந்து. அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"சுண்ணாம்பு எங்கயும் போவாது" என்றார் பெரியம்மா கடைசியில். "நீ ஒடம்பப் பாத்துக்க."

மறுநாள் மூவரும் போய்ச் சாம்பிள் கொடுத்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருக்கிறது என்று வந்தது. எனக்கு மட்டும் இல்லை என்று வந்தது. நாட்டுக்குள் நுழையத் தகுதியான, முத்திரை போட்ட, சுத்தமான தாள் ஒன்று என் போனில் கிடந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தத் தாள் அல்ல, முந்தின சாயங்காலத்தின் மிச்சம்தான்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா நேராக வாசலுக்குப் போனாள். மாஸ்க்கின் மேல் முந்தானையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, முதல் படியிலேயே நின்றாள். கீழே ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள் மங்கலாக ஜன்னல் வெளிச்சங்கள்.

"ஏ பிள்ளைகளா! இங்கிட்டுக் கேளுங்க! யாரும் மேல வராதீங்க!"

கதவுகள் திறக்கிற சத்தம். "என்னக்கா? ஊருக்குக் கெளம்பியாச்சா?"

"தைலத்த நம்பாதீங்க! வீட்ல காப்பித்தூள் டப்பா இருக்கும்ல, அத எடுத்து மோந்து பாருங்க. வீட்ல இருக்குற எல்லாரும். வெரசா!"

"காப்பித்தூளா?" யாரோ சிரித்தார்கள். "காலைலதான தைலம் பாத்தோம்? நல்லா ஏறுச்சே!"

"சொன்னதச் செய்யிடி!"

சிரிப்பு அடங்கியது. பனிக்குள்ளிருந்து டப்பா மூடிகள் திறக்கிற ஒலி மேலே வந்தது, ஒன்று, அப்புறம் இன்னொன்று. முதல் வீட்டிலிருந்து "வருதுக்கா" என்று குரல் வந்தது. அம்மா மூச்சு விட்டாள். அடுத்த வீட்டில் மூடி திறந்தது. குரல் வரவில்லை. அதற்கடுத்த வீட்டில் பாத்திரங்கள் உருண்டன, வேறு எதையோ தேடுகிற மாதிரி.

கடைசி வீட்டில் இருமல் நின்றிருந்தது. அந்தப் பெண்ணின் குரல் மட்டும் வெகு கீழேயிருந்து, கொஞ்சம் குறைப்பட்டுக்கொள்கிற தொனியில் கேட்டது.

"என்னக்கா, நேத்துத்தான் கடையில அரைச்சு வாங்குனேன். மண்ணு மாதிரில்ல இருக்கு. ஏமாத்திட்டான் போலயே?"